சிவக்காத நீள்வட்டம்

"புள்ளி வைக்கிற வரியில ஒயிட்னு இருக்கு பாரு, அதை ரெட்னு மாத்தி ஓட்டும்மா" என்றார் எக்ஸ்டர்னல் தேர்வாளர்.

மாற்றினேன். கன்ட்ரோலையும் எஃப்9-ஐயும் சேர்த்து அழுத்தினேன். கறுப்புத் திரையின் நடுவில் நீள்வட்டம் வந்து நின்றது. வெள்ளையாகவே.

2007. மூன்றாம் ஆண்டு பொறியியல், கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் செய்முறைத் தேர்வு. அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரிந்துவிட்டது. மிட்பாயின்ட் முறையில் நீள்வட்டம் வரைய வேண்டும் என்பது எனக்கு வந்த கேள்வி. அந்த முறையை ஏறக்குறைய நாற்பது வரிகளில், ஒரு அரைப்புள்ளிகூடத் தவறாமல் எழுதியிருந்தேன். அந்த நாற்பது வரிகளில் ஒன்றுகூட ஓடவில்லை. கடைசியில் நான் சேர்த்திருந்த ஒற்றை வரிதான் ஓடியது. டர்போ சி மென்பொருளிலேயே தயாராக இருக்கும் நீள்வட்டக் கட்டளை அது. மற்ற வரிகள் எல்லாம் கொலுப்படியில் வைத்த பொம்மைகள்.

இதை இத்தனை வருஷம் நான் யாரிடமும் இந்த வடிவத்தில் சொன்னதில்லை. வேறு வடிவத்தில் சொல்லியிருக்கிறேன். அதையும் சொல்கிறேன்.

முதலில், எதை ஏமாற்றினேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் லேபில் இருந்த பருத்த மானிட்டர்களில், டர்போ சி தந்த திரை அகலத்தில் 640 புள்ளி, உயரத்தில் 480 புள்ளி. மொத்தம் 3,07,200 புள்ளிகள். காகிதத்தில் பென்சிலால் ஒரு வளைவு போட்டால் அது எங்கே வேண்டுமானாலும் போகும். திரையில் அப்படி முடியாது. வளைவு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நழுவிப் போனால், இதை ஏற்றுவதா அதை ஏற்றுவதா என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். கிராபிக்ஸ் என்ற படிப்பின் வாசற்படி இந்தக் கேள்விதான்.

ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஜாக் பிரசென்ஹாம் 1962-இல் கோடு ஒன்றுக்கு இதைத் தீர்த்தார். 1401 என்ற கணினியோடு இணைத்த, பேனாவால் வரையும் கருவி ஒன்றுக்காகச் செய்தது அது. 1965-இல் கட்டுரையாக வெளிவந்தது. அதன் அழகு, பெருக்கலும் வகுத்தலும் இல்லாமல் படிக்குப் படி முழு எண்களைக் கூட்டியும் கழித்தும் ஒப்பிட்டும் மட்டுமே அடுத்த புள்ளியைச் சொல்லிவிடுவதில் இருந்தது. வட்டத்துக்கும் நீள்வட்டத்துக்கும் பயன்படும் மிட்பாயின்ட் முறையும் இதே குடும்பம். அடுத்து போகக்கூடிய இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள். அவற்றின் நடுப்புள்ளி வளைவுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா பார். அதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடு. அவ்வளவுதான். இதை 16 மதிப்பெண்ணுக்கு என்னால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுத முடியும்.

ஆனால் லேபில் ஓட்டினால் நீள்வட்டம் வராது. கண்டபடி ஏதோ வரும். என் தோழிகள் பத்துப் பேருக்கும் அப்படித்தான் வந்தது. சீனியர் அக்கா ஒருவர்தான் வழி சொன்னார்: "எழுதுறதை எழுது. கீழ ஒரு வரி ரெடிமேடா போட்டுக்கோ. அவுட்புட் வந்தா போதும், யாரும் உள்ள பாக்க மாட்டாங்க." ரெக்கார்டு நோட்டில் ஒட்டிய படங்கள் எல்லாம் அப்படி வந்தவை. கையெழுத்தும் வாங்கியாயிற்று. கண்டபடி வந்த படங்களை யாரும் பார்ப்பதற்குள் எஸ்கேப் தட்டி மூடிவிடுவோம். கூடத்தில் சிந்திய சோற்றுப் பருக்கையை விருந்தாளி வருவதற்குள் காலால் ஒதுக்குவது மாதிரி.

எக்ஸ்டர்னல் திட்டவில்லை. "அந்தக் கடைசி வரியை எடுத்துட்டு, நீ எழுதினதையே கூப்பிட்டு ஓட்டு, பாப்போம்" என்றார். கை நடுங்கியது. ஓட்டினேன். கிடைமட்டமாகப் படுத்திருக்க வேண்டிய நீள்வட்டத்துக்குப் பதிலாக, ஒல்லியாக, நெளிந்து, நிமிர்ந்து நிற்கும் ஒரு கோணல் பட்டம் வந்தது. இப்போது சிவப்பாக இருந்தது.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "இது நல்லா இருக்கே! ஏன் இப்படி வருது?" என்றார்.

"தெரியல சார்."

"எண்ணிப் பாத்தியா?"

"இல்ல சார்."

எதை எண்ணுவது என்றே எனக்குப் புரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் அடுத்த பெண் கையைத் தூக்கியதும் எழுந்து போய்விட்டார். எனக்கு மார்க் குறையாமல் வந்தது. காரணம் இன்றுவரை தெரியாது. கேன்டீனில் இதை நான் வெற்றிக் கதையாகச் சொன்னேன். "மாட்டிக்கிட்டேன்டீ, ஆனா மார்க் போட்டுட்டாரு!" அந்தக் கதையில் நான்தான் கெட்டிக்காரி. பட்டத்தைப் பற்றியும், அவர் கேட்ட கேள்வியைப் பற்றியும் அதில் ஒரு சொல் கிடையாது.

*

எங்கள் வீடு காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையம் பக்கம். அப்பா நெசவுக்கு டிசைன் போடுபவர். பட்டுச் சேலையில் வரும் மாங்காய், அன்னம், மயில் எல்லாவற்றையும் முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். தாளில் ஒரு குறுக்கு வரிசை என்பது தறியில் ஓர் ஊடை. ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. நிரப்பிய கட்டத்துக்கு அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். ஓட்டை உள்ள இடத்தில் ஜக்கார்டு பெட்டியின் ஊசி உள்ளே போகும், அந்தக் கொக்கி பாவு இழையைத் தூக்கும், ஜரிகை அடியில் ஓடும். அப்பா பெரும்பாலும் 240 கொக்கிப் பெட்டிக்குப் போடுவார்.

சின்ன வயதிலிருந்தே கட்டம் நிரப்புவது என் வேலை. அப்பா பென்சிலால் வளைவைப் போட்டு, விளிம்பில் எந்தக் கட்டம் உள்ளே எந்தக் கட்டம் வெளியே என்று புள்ளி வைத்துக் கொடுப்பார். நான் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் உள்பக்கத்தை நிரப்புவேன். விளிம்பை அவர் எப்படி முடிவு செய்கிறார் என்று பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கோடு போட்ட இடத்தில் நிறம் தீட்டுவது எனக்குச் சுகமாக இருந்தது.

இப்போது யோசித்தால், கல்லூரியில் செய்ததும் அதேதான். விளிம்பை யாரோ முடிவு செய்திருப்பார்கள். நான் நிரப்பிக்கொண்டே இருந்தேன்.

அப்பாவிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. தறியில் டிசைன் தப்பாக வந்தால், அந்த மாதிரித் துண்டை அவர் தூக்கிப்போட மாட்டார். மேசைக்கு மேலே ஆணியில் மாட்டிவிடுவார். கழுத்து ஒடிந்த அன்னம், நசுங்கிய மாங்காய், இரண்டாகப் பிளந்த மயில் தோகை எல்லாம் அங்கே வரிசையாகத் தொங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். நல்லதாக எத்தனையோ இருக்க, கெட்டுப்போனதை எதற்கு மாட்டி வைக்க வேண்டும்?

*

சென்னை ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தில் இரண்டு வருஷம் மென்பொருள் சோதனை வேலை. பிறகு எம்.இ. சேர்ந்தேன். அங்கே கிராபிக்ஸ் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை டர்போ சி இல்லை, ஓப்பன்ஜிஎல். பாடம் எடுத்தவர் ஒரு மேடம். மெதுவாகத்தான் பேசுவார்.

முதல் பெரிய வேலை: சூரியனைப் பூமி சுற்ற வேண்டும், பூமியை நிலா சுற்ற வேண்டும். தேவையான கட்டளைகள் இரண்டே வகைதான். சுழற்று, நகர்த்து. எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நின்ற இடத்தில் திரும்பிவிட்டு நாலடி நடப்பது வேறு, நாலடி நடந்துவிட்டு அங்கேயே திரும்பி நிற்பது வேறு. முதலாவதில் திரும்பும் கோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வட்டப்பாதை கிடைக்கும். இரண்டாவதில் அதே இடத்தில் பம்பரம்தான். அணிகளின் பெருக்கலில் வரிசை மாறினால் விடையும் மாறும் என்று பன்னிரண்டாம் வகுப்பிலேயே படித்திருந்தேன். அது நடப்பதற்கும் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் என்ன செய்தேன்? வரிகளை மேலும் கீழும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டினேன். நிலா சூரியனுக்குள் போனது. பூமி திரையை விட்டு வெளியே ஓடியது. ஒவ்வொன்றையும் பார்த்த கணத்தில் மூடினேன். ஏழாவதோ எட்டாவதோ தடவை எல்லாம் ஒழுங்காகச் சுற்றின. சேமித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த முறை ரெடிமேட் வரி இல்லை, எல்லாம் நானே எழுதியது என்று மனசுக்குள் பெருமைகூட இருந்தது.

மேடம் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா சுத்துது. உன் நிலா பூமிக்கு எப்பவும் ஒரே முகத்தைக் காட்டுதா, இல்ல எல்லாப் பக்கத்தையும் காட்டுதா?"

நிலா சாம்பல் நிறத்தில் ஒரு மொழுமொழு உருண்டை. பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. கட்டளைகளின் வரிசை எனக்குப் புரிந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம்: சுழற்றிவிட்டு நகர்த்தினால், நிலாவின் ஒரே பக்கம்தான் எப்போதும் பூமியைப் பார்த்து நிற்கும். வானத்தில் இருக்கும் நிலாவும் அப்படித்தான் நிற்கிறது. கேட்காமலேயே சரியானது கிடைத்திருக்கிறது, அது கிடைத்திருப்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

"தெரியல மேடம்" என்றேன். அதே இரண்டு சொற்கள். நாலு வருஷம் முன்பு சொன்னது.

"எத்தனை தடவை மாத்திப் போட்டே?"

"ஏழெட்டு தடவை."

"அந்தப் படமெல்லாம் எங்க?"

மூடிவிட்டேன் என்றேன். அவருக்கு உண்மையாகவே வருத்தம் வந்தது மாதிரி முகம் சுருங்கியது. "அடடா. அதுலதான்மா பாடமே இருந்துச்சு."

அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கே ஒரு விதி போட்டார். சரியான படம் ஒன்றோடு மூன்று தப்பான படங்களையும் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் கீழே அது ஏன் அப்படி வந்தது என்று ஒரு பத்தி எழுத வேண்டும். சரியான படத்துக்கு நாலு மார்க். தப்பான படங்களுக்கு ஆறு.

*

முதல் வாரம் எல்லோரும் சிரித்தோம். மூன்றாம் வாரம் சிரிக்க நேரமில்லை. வேண்டுமென்று ஒரு தப்பை உண்டாக்குவது சுலபம். தானாக வந்த தப்புக்குக் காரணம் சொல்வதுதான் கஷ்டம்.

இந்தப் படிப்பில் எல்லோருக்கும் முதலில் வருவது இருட்டுதான். நூறு வரி எழுதி ஓட்டினால் திரை முழுக்கக் கறுப்பு. பிழைச் செய்தி எதுவும் இருக்காது. மேடம் சொல்லிக் கொடுத்த முதல் வித்தை, பின்புலத்தைக் கறுப்பாக விடாமல் பளீரென்ற ரோஸ் நிறமாக மாற்றிவிடுவது. ரோஸ் திரையில் கறுப்பாக ஓர் உருவம் தெரிந்தால் பொருள் இருக்கிறது, வெளிச்சத்தில்தான் கோளாறு. வெறும் ரோஸ் மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் கேமரா வேறு பக்கம் பார்க்கிறது. ஒரே ஒரு நிறத்தை மாற்றியதில் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். ஊமையாக இருந்த தப்பு வாயைத் திறக்கும்.

அப்புறம் ஒவ்வொன்றும் பேசத் தொடங்கியது. தூரத்தில் இருந்த சுவரும் அதில் ஒட்டிய சுவரொட்டியும் ஒன்றையொன்று பிய்த்துக்கொண்டு மின்னின. எதுவும் விட்டுப்போகக் கூடாதே என்று பார்வையின் அருகெல்லையைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில், 0.0001 என்று வைத்திருந்தேன். ஆழத்தை எழுதிவைக்கக் கணினியிடம் இருப்பது குறிப்பிட்ட அளவு எண்கள்தான். அதில் பெரும்பகுதியை மூக்கின் நுனிக்கே செலவழித்துவிட்டால், தூரத்துச் சுவருக்கும் சுவரொட்டிக்கும் ஒரே எண்தான் மிஞ்சும். எது முன்னால் என்று அதற்கே தெரியாமல் தத்தளிக்கும். எல்லையை 1-க்குத் தள்ளியதும் சண்டை ஓய்ந்தது.

கனசதுரம் ஒன்று மூடியில்லாத பெட்டி மாதிரி உள்பக்கத்தைக் காட்டியது. முனைகளை நான் கொடுத்த சுற்று வரிசை தலைகீழ். முன்பக்கம் எது என்று அந்தச் சுற்றை வைத்துத்தான் அது முடிவு செய்கிறது. கெட்டில் ஒன்றைப் பாதியாகச் சிறிதாக்கினால் கண் கூசும்படி வெளுத்தது. பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சொல்லும் குத்துக்கோடுகளின் நீளம் ஒன்றாக இருக்க வேண்டும். பொருள் சுருங்கும்போது அவை நீண்டுவிட்டன, வெளிச்சக் கணக்கும் அதோடு ஏறிவிட்டது.

நாடி பார்க்கிற மாதிரி என்று ஒரு தோழி சொன்னாள். ஆரோக்கியமானவனின் நாடியைப் பார்த்து வைத்தியம் கற்க முடியுமா?

இந்தப் படிப்பின் வரலாறும் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அதுவரை அவை வெறும் பெயர்கள். கூரோ ஷேடிங் எட்டு மார்க், ஃபோங் ஷேடிங் எட்டு மார்க். ஆன்றி கூரோ அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். தன் மனைவியின் முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு வரைந்து, அளந்து, கணினிக்குள் கொண்டுவந்தார். பட்டை பட்டையாகத் தெரிந்த அந்த முகத்தை வழுவழுப்பாக்க, முனைகளில் மட்டும் நிறத்தைக் கணக்கிட்டு நடுவில் படிப்படியாகக் கலக்கும் வழியை 1971-இல் கண்டார். ஆனால் அதில் ஒரு குறை. பளபளப்பான பொருளில் ஒளி தெறிக்கும் புள்ளி ஒரு கட்டத்தின் நடுவில் விழுந்தால் அது காணாமலே போய்விடும், முனைகளில் அது இல்லையே. அதே பல்கலைக்கழகத்தில் இருந்த வியட்நாமியர் புய் துவோங் ஃபோங் அந்தக் குறையைப் பிடித்தார். நிறத்தைக் கலக்காமல் குத்துக்கோட்டைக் கலந்து, ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சத்தைக் கணக்கிட்டார். 1973-இல் ஆய்வேடு. 1975-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, புற்றுநோயில் இறந்துவிட்டார். நான் எட்டு மார்க்காக மனப்பாடம் செய்தது, ஒரு படத்தில் என்ன தப்பு என்று கூர்ந்து பார்த்த ஒரு மனிதரை.

அந்தக் கெட்டிலுக்கும் ஒரு கதை உண்டு. கிராபிக்ஸ் படிக்கிற எவரும் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது. 1975-இல் மார்ட்டின் நியூவெல் தன் வீட்டுத் தேநீர்க் கெட்டிலைப் பார்த்து கிராஃப் தாளில் பென்சிலால் வரைந்து கணினிக்குள் ஏற்றியது. அதுவும் யூட்டாவில்தான். அசல் கெட்டில் இப்போது கலிபோர்னியாவில், கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அசல் உயரமாக இருக்கும், கணினிக் கெட்டில் குட்டையாக இருக்கும். அப்போதைய திரை ஒன்றில் புள்ளிகள் சரியான சதுரமாக இல்லாததே அந்தக் குட்டைக்குக் காரணம் என்று சொல்வார்கள்.

இதை மேடம் வகுப்பில் சொன்னபோது எனக்குச் சட்டென்று எங்கள் வீட்டு ஆணி நினைவுக்கு வந்தது. நசுங்கிய மாங்காய். அங்குலத்துக்குப் பாவில் இருக்கும் இழை எண்ணிக்கையும் ஊடையில் இருக்கும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்காது. அதனால் டிசைன் போடும் தாளின் கட்டமும் தறிக்குத் தக்கபடி நீளமாகவோ குட்டையாகவோ இருக்க வேண்டும். அவசரத்துக்குச் சதுரக் கட்டத் தாளில் போட்டது அந்த மாங்காய். யூட்டாவில் கெட்டில் நசுங்கியதற்குச் சொல்லப்படும் அதே காரணத்துக்காகக் காஞ்சிபுரத்தில் மாங்காய் நசுங்கியிருக்கிறது. அதை அப்பா மாட்டி வைத்தார். நான் வெட்கப்பட்டேன்.

*

செமஸ்டர் கடைசியில் மேடம் ஒரு வேலை கொடுத்தார். "நீங்க எப்பவோ பண்ணி, காரணம் தெரியாமலே விட்ட தப்பு ஒண்ணைத் தேடிக் கொண்டு வாங்க."

எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. பழைய டர்போ சியைத் திரும்ப நிறுவி, அந்த நாற்பது வரிகளை எழுதினேன். மனப்பாடம் அப்படியே இருந்தது. ஓட்டினேன். அதே கோணல் பட்டம்.

எஸ்கேப் தட்டவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எண்ண ஆரம்பித்தேன்.

ஆரங்கள் 120, 80. முதல் வரியிலேயே 120-இன் வர்க்கம் 14,400. அதை 80-ஆல் பெருக்கினால் 11,52,000. டர்போ சியில் 'இன்ட்' என்று அறிவித்த ஒரு மாறிக்குள் போகக்கூடிய பெரிய எண் 32,767 மட்டுமே. அதைத் தாண்டினால் அது பிழை என்று கத்தாது. பழைய ஸ்கூட்டர் மீட்டர் கடைசி எண்ணைத் தாண்டியதும் முதலிலிருந்து ஓடுவது போல, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விடும். நான் 11,52,000 என்று நம்பிக்கொண்டிருந்த எண் கணினிக்குள் மைனஸ் 27,648 ஆக உட்கார்ந்திருந்தது. இன்னொரு இடத்தில் 14,400-ஐயும் 6,400-ஐயும் பெருக்க வேண்டும். 9,21,60,000. உள்ளே இருந்தது வெறும் 16,384. நடுப்புள்ளி வளைவுக்கு உள்ளேயா வெளியேயா என்று அது ஒவ்வொரு படியிலும் ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறது. நான் கொடுத்த பொய் எண்களை வைத்து ஒழுங்காகப் பதிலும் சொல்லியிருக்கிறது.

புத்தகத்தில் கையால் போட்டுக் காட்டிய கணக்கில் ஆரங்கள் 8, 6. அதில் வரும் பெரிய பெருக்கல் 2,304. எதுவும் தாண்டாது. அதனால்தான் புத்தகம் சரியாக இருந்தது, திரை தப்பாக இருந்தது. இரண்டும் உண்மைதான். 'இன்ட்' என்ற ஒரு சொல்லை 'லாங்' என்று மாற்றினேன். நீள்வட்டம் வந்தது. புள்ளி வைக்கிற வரியில் நிறத்தை மாற்றினேன். சிவந்தது.

ஒரு சொல். அதைத் தேடாமல் இருக்க ஒரு பொய் வரி எழுதி, அதை மறைக்க ஒரு கதை சொல்லி, நாலு வருஷம் ஓட்டியிருக்கிறேன். எக்ஸ்டர்னல் எதை எண்ணச் சொன்னார் என்பது அந்த வெள்ளைத்தாளின் மூன்றாவது வரியில் இருந்தது.

*

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். கோணல் பட்டத்தை ஒரு தாளில் அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன். அப்பா அப்போதே தாளில் போடுவதைக் குறைத்திருந்தார். கம்ப்யூட்டரில் டிசைன் செய்து பென் டிரைவில் கொண்டுவரும் பையன்கள் வந்துவிட்டார்கள். ஆணியில் தொங்கிய துண்டுகளில் பாதி சாயம் வெளுத்திருந்தது.

படத்தைக் காட்டி, எதுவும் சொல்லாமல், "எப்படி இருக்குப்பா?" என்றேன்.

கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு, விளிம்பின் ஒரு பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே மேலிருந்து கீழே வந்தார். "வளைவு போடப் பாத்திருக்கே. படி சரியா ஏறலை பாப்பா. ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, மூணு, அஞ்சுன்னு போகணும். இங்க மூணுக்கு அப்புறம் ஒண்ணு வருது, திரும்ப ரெண்டு வருது. கண்ணு அங்கேயே நின்னுடும்."

"விளிம்புல எந்தக் கட்டம் உள்ளன்னு எப்படிப்பா முடிவு பண்ணுவே?" முதல் தடவையாகக் கேட்டேன்.

"கோடு கட்டத்துல பாதிக்கு மேல பிடிச்சிருந்தா நிரப்பணும். இல்லன்னா விட்டுடணும். அப்புறம் தள்ளி நின்னு பாக்கணும்." படத்தைத் திருப்பிப் பார்த்தார். "இதுல எங்க எண்ணிக்கை தப்புச்சு?"

எக்ஸ்டர்னல் கேட்டது, மேடம் கேட்டது. இவர் கணினியைத் தொட்டதுகூட இல்லை.

"உள்ள இடம் பத்தலைப்பா. அது பிடிக்கிறதை விடப் பெரிய எண்ணைப் போட்டுட்டேன். அது சொல்லாமலே சுத்திக்கிட்டு வேற எண்ணா மாறிடுச்சு."

அப்பா தலையாட்டினார். "240 கொக்கிப் பெட்டிக்கு 300 கட்டத்துல டிசைன் போட்டா மீதி 60 எங்க போகும்? பெட்டி என்ன பண்ணும் பாவம், அது இருக்கிறதைத்தானே தூக்கும்."

பிறகு தாளை என்னிடம் திருப்பித் தருவார் என்று கையை நீட்டினேன். தரவில்லை. மேசைக்கு மேலே பார்த்து, கழுத்து ஒடிந்த அன்னத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

*

இப்போது நானும் ஒரு கல்லூரியில் இந்தப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளிடம் டர்போ சி இல்லை. கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித் தரும் கருவிகள் இருக்கின்றன. சூரியனும் பூமியும் நிலாவும் முதல் தடவையே ஒழுங்காகச் சுற்றுகின்றன. நான் ஒளித்து வைத்த ஒற்றை வரி இப்போது ஒளிக்கத் தேவையில்லாத முழு நிரலாக வளர்ந்திருக்கிறது. அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் கையில் அது இருந்திருந்தால் நான்தான் முதலில் ஓடியிருப்பேன்.

லேபில் ஒரே ஒரு வேலை மட்டும் செய்கிறேன். படம் சரியாக வந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது ஓர் எண்ணைக் கண்டபடி மாற்றச் சொல்கிறேன். ஆரத்தைப் பத்து மடங்காக்கு. அருகெல்லையைக் கண்ணோடு ஒட்டவை. திரையில் விபரீதமாக ஏதாவது வரும். விரல் தானாக மூடும் பொத்தானுக்குப் போகும். அந்த விரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

"மூடாதே" என்கிறேன். "எண்ணு."